உல்லைச் சத்தமும் நம்ம பொடியன்மாரும்



பதிவு கொஞ்சம் நீளம். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள், பரவாயில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஏச வேண்டாம்.

இரண்டு கிழமையாக நமது பொத்துவில் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது. உல்லைக் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை இரவு நடந்த டெக்னோ நிகழ்ச்சியின் வீடியோவை யாரோ போட்டுவிட்டார்கள். "நம்ம மண்ணில இந்தக் கூத்து நடக்கிறதப் பாத்துக்கிட்டு இரிக்கிறமே" என்று ஒரு பக்கம் கொதிக்கிறது. "ஸீஸன் ஆறு மாசம் உழைச்சாத்தான் மத்த ஆறு மாசம் அடுப்பு எரியும், சும்மா இரிங்க" என்கிறது மற்றப் பக்கம். இரண்டு பக்கத்திலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நானூறு செய்திகளுக்கு மேல் இருக்கும், உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். வெள்ளைக்காரரைப் பற்றி இருந்தது, உடுப்பைப் பற்றி இருந்தது, டொலரைப் பற்றி இருந்தது, கியாமத் நாளின் அடையாளங்களைப் பற்றியும் இருந்தது. அந்தச் சத்தம் எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு பலமாக இருந்தது, அதற்குப் பக்கத்தில் விடிய விடிய நின்றது யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இரவு நானும் அங்கே நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"சேருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே பதில். நான் தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். திங்கட்கிழமை முதலாவது பாடவேளை என்னுடையது. ஸீஸன் தொடங்கிய நாளிலிருந்து பின்வாங்கில் மூன்று பேர் தூங்குகிறார்கள். தூங்குவது புதுமையில்லை, நாமும் தூங்கினோம். ஆனால் மூவரில் ஒருவனிடம் கேள்வி கேட்டால் தலையைச் சரித்து வலது காதை என் பக்கம் திருப்புகிறான். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர், பிள்ளையின் விடையைப் பார்க்க முதல் பிள்ளையைப் பாருங்கள் என்று அடிக்கடி சொல்வார். பார்த்தேன், விசாரித்தேன். "வெள்ளி, சனி, ஞாயிறு நைட் வேல சேர்" என்றான். எங்கே என்று போய்ப் பார்ப்பது என் கடமை என்று நினைத்தேன்.

இஷா தொழுதுவிட்டு, ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கும் மச்சானோடு போனேன். பத்தரைக்கு உள்ளே. இரண்டே காலுக்கு வெளியே.

நான் எதிர்பார்த்தது ஒரு பாட்டுக் கச்சேரி. அங்கே பாடகரும் இல்லை, பாட்டும் இல்லை, சொல் என்று ஒன்றுமே இல்லை. நீளமான ஒரு மேசை, அதில் வயர் பின்னிக் கிடக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள், அதற்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மனிதர். முன்பே பதிவு செய்ததைப் போட்டுவிட்டு நிற்பது இல்லையாம் இது. லைவ் என்றால் அந்த இடத்திலேயே குமிழ்களைத் திருகித் திருகித் தாளத்தைக் கட்ட வேண்டும். டும், டும், டும், டும் என்று ஒரே சீரான அடி. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு 130 போல் வந்தது. வாத்தியார் புத்தி போகாது. பிறகு அந்தப் பெரிய அடியை மட்டும் திடீரென்று எடுத்துவிடுகிறார். மெல்லிய சத்தங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. சனம் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. அந்த அடி திரும்ப விழும்போது காலுக்குக் கீழே மணல் அதிர்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது. கொழும்பிலிருந்து வந்த நம் நாட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டாரும் ஒன்றாகக் கத்துகிறார்கள்.

எனக்கு ஆடத் தோன்றவில்லை. ஆனால் அந்த மனிதர் செய்ததில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது, அதை இல்லையென்று சொன்னால் பொய். ஒரே அடியை வைத்துக்கொண்டு ஆட்களை மணிக்கணக்கில் கட்டிப்போடுவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. றபான் தட்டியவர்களின், பொல்லடி ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். (இந்த வரிக்கு மட்டும் எனக்குத் தனியாக ஏச்சு விழும், தெரியும்.)

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசித்தேன். குறூப்பில் சிலர் எழுதியதைப் போல இது பணக்கார வெள்ளைக்காரர் கொழுப்பெடுத்துக் கண்டுபிடித்தது கிடையாது. 1980களில் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரத்தில் பிறந்திருக்கிறது. கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை மூடப்பட மூடப்பட வெறுமையாகிப் போன நகரம் அது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் ஸோண்டர்ஸன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், பக்கத்து பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். அவர்களுக்குக் கைகொடுத்த கருவிகளில் ஒன்று ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1983இல் வெளியிட்ட டிஆர்-909 என்ற தாளப்பெட்டி. உண்மையான ட்ரம்ஸ் போலக் கேட்கவில்லை என்று சந்தையில் அது எடுபடவில்லை. கிட்டத்தட்டப் பத்தாயிரத்தோடு கம்பெனி நிறுத்திவிட்டது. பழைய சாமான் விலைக்கு வந்த பெட்டிகளை வாங்கித்தான் பொடியன்மார் இதைச் செய்திருக்கிறார்கள். பிறகு அது ஜேர்மனிக்குப் போனது. பேர்லின் மதில் விழுந்த பின் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் வளர்ந்தது. 2024இல் ஜேர்மனி பேர்லின் டெக்னோவைத் தன் நாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தும் விட்டது. பிரித்தானியா வேறு வழியில் போய்ப் பார்த்தது. 1994இல் திறந்தவெளி இரவு நிகழ்ச்சிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் தாள அடி என்று இசையின் இலக்கணத்தையே எழுதி வைத்தார்கள். இசை நிற்கவில்லை.

மார்க்க ரீதியாக இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்கள் சொல்லட்டும், அது என் துறை இல்லை. குடியும் ஆட்டமும் நமக்கு ஆகாது என்பதில் இந்த ஊரில் இரண்டு கருத்து இல்லை. என் துறைக்குள் வருவது வேறொன்று.

அந்த இரவில் என் வகுப்புப் பொடியன்மார் மூவரையும் கண்டேன். ஒருவன் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோர்ச் லைட்டோடு நின்றான். இன்னொருவன் ஐஸ் பெட்டி தூக்கினான். மூன்றாமவன், அந்த வலது காதுக்காரன், பொக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். வயரில் யாரும் தடுக்கி விழாமல், கரண்ட் இணைப்புக் கழராமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இடது காதுப் பக்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். பேச்சு விளங்காது, வெளியே கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினேன்.

"காது நோகுதா மகன்?"

"நோவில்ல சேர். வேல முடிஞ்சி போனா உள்ளுக்குள்ள கூ எண்டு ஒரு சத்தம். படுத்து எழும்பினா கொறையும்."

"முழுசா நிக்குமா?"

"முந்தி நிண்ட. இப்ப செவ்வாக்கிழம வரைக்கும் இரிக்கி."

ஒரு இரவுக்கு மூவாயிரம் ரூபா. ஒன்பது மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருகிறான்.

என் போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது. வகுப்பில் செயன்முறைக்காகப் போட்டது. கோட்டுக்குக் கொண்டுபோகிற அளவு துல்லியம் அதில் இல்லை, நாலைந்து கூடும் குறையும். ஸ்பீக்கருக்கு முன்னால் அது 106 டெசிபெல் காட்டியது. அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் 100. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் 84. வெளியே பிரதான வீதிக்கு வந்த பிறகும் 70க்குக் கீழே இறங்கவில்லை.

இந்த இலக்கங்களுக்கு அர்த்தம் என்னவென்று பெற்றோர்கள் தயவுசெய்து கவனியுங்கள். டெசிபெல் என்பது முழக்கோல் போல் ஏறுவதில்லை. மூன்று கூடினால் காதுக்குள் போகும் ஒலிச் சக்தி இரட்டிப்பாகிறது. வேலைத்தளங்களுக்கு அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை, 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். 88 என்றால் நாலு. 91க்கு இரண்டு. 94க்கு ஒன்று. 97க்கு அரை மணி. 100க்கு வெறும் பதினைந்து நிமிடம். நம் பொடியன் அதே 100இல் ஆறு மணித்தியாலம் இருக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு உரிய பங்கைப் போல 24 மடங்கு. கிழமைக்கு மூன்று இரவு.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் மயிர் போன்ற நுனியுள்ள கலங்கள் சில ஆயிரம். சத்தத்தை மூளைக்கு அனுப்புவது அவைதான். பலத்த சத்தத்தில் அவை முதலில் சாய்கின்றன, ஓய்வு கிடைத்தால் நிமிர்கின்றன, ஓய்வில்லாமல் அடித்தால் செத்துப்போகின்றன. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் பொருந்தும், இந்தக் கலங்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வரை நிற்கும் அந்தக் கூ சத்தம்தான் எச்சரிக்கை மணி. ஆட வருகிறவர் ஒரு இரவு வருகிறார், மறுநாள் எல்லவுக்குப் பஸ் ஏறிவிடுகிறார். ஸீஸன் முழுக்க அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருப்பது நம் பிள்ளை.

மேசைக்குப் பின்னால் நின்ற அந்தக் கலைஞர் இரண்டு காதிலும் அடைப்பான் வைத்திருந்தார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இப்படியான இடங்களுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. பதினைந்து நிமிட சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, அளவுமானி வைத்துக் கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காது ஆறுவதற்கு ஒரு அமைதியான இடம் இருக்க வேண்டும். காதடைப்பான் ஒன்றும் தங்கத்தில் செய்ததில்லை. பஞ்சு போன்ற ஒரு சின்னத் துண்டு. சரியாகச் செருகினால் 20 டெசிபெல் அளவுக்குக் குறைக்கும். தண்ணீர்ப் போத்தலை ஊர் விலைக்கு மூன்று மடங்காக விற்ற இடத்தில், வேலை செய்கிற பொடியனுக்கு அதில் ஒரு சோடி கொடுக்க முடியாதா?

வாப்பாவைப் போய்ப் பார்த்தேன். கடல்தொழில். "என்னத்துக்கு மகன அனுப்புறீங்க?" என்று கேட்கும் நோக்கத்தோடுதான் போனேன். அவர் கரண்ட் பில்லைக் காட்டினார். "இது அவன்ட காசில கட்டினது சேர். நான் போகச் சொல்லல்ல, போகாதே எண்டு சொல்ல எனக்கு வாயும் வரல்ல." அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 2022க்குப் பிறகு எத்தனை வீட்டில் இதே கதை என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். 16 வயது வரை கல்வி இந்த நாட்டில் கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16க்கு உயர்ந்துவிட்டது. தரம் 11 பொடியனில் பாதிப்பேர் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே கூடாது என்று சட்டமுள்ள நாட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை நடுச்சாமத்தில் மதுக்கடைக்குப் பின்னால் ஐஸ் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நாம் உடுப்பைப் பற்றி விவாதிக்கிறோம்.

சட்டம் என்று வந்ததால் இதையும் கேளுங்கள். இரவுச் சத்தத்துக்கு இந்த நாட்டில் வழியில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் வழங்கக் கூடாது, பகலில் வழங்கினாலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக் கூடாது என்று அதில் பணித்தார்கள். கடற்கரையில் இரண்டு மணி வரை பொக்ஸ் அடிப்பதற்கு ஏதோ விசேட அனுமதி இருக்கிறது என்று ஹோட்டல் பக்கத்தில் சொல்கிறார்கள். இருந்தால் நல்லது, பத்திரத்தில் நேரம் எழுதியிருக்கும், காட்டட்டும்.

ஆனால் அந்த வழக்கு எப்படி வந்தது தெரியுமா? வெலிகமையில் உள்ள ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலின் நிர்வாகிகள் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகப் போட்ட அடிப்படை உரிமை மனு அது. தமக்கு ஒலிபெருக்கி உரிமை வேண்டும் என்று போனார்கள். தூங்குகிற மனிதனுக்கும் ஒரு உரிமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லி அனுப்பியது. பாங்கைப் பற்றி நான் பேசவில்லை. அது இரண்டு மூன்று நிமிடம், யாருக்கும் பாரமில்லை. இரவு பதினொரு மணி வரை வெளி ஹோர்னில் போகிற பயானைப் பற்றிப் பேசுகிறேன். கலியாண வீட்டில் ஒரு மணி வரை அடிக்கிற பொக்ஸைப் பற்றிப் பேசுகிறேன். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வலீமா. அடுத்த வீட்டில் நாற்பது நாள் பிள்ளைத்தாய்ச்சி. பத்தரைக்குப் போய் அந்த ராத்தாவின் மாப்பிள்ளை தயவாகக் கேட்டார். "ஒரு நாள்தானே காக்கா" என்றார்கள். உல்லையில் ஹோட்டல்காரர் நமக்குச் சொல்வதும் அதே வசனம்தான். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும்போது அவர்கள் நம் ஒழுங்கையைக் காட்டுவார்கள். காட்டினால் பதில் வேண்டும்.

ஹோட்டல் வைத்திருக்கும் என் பழைய வகுப்புத்தோழன் ஒருவனோடு அரை நாள் இதைப் பேசினேன். "பத்து மணிக்கு நிப்பாட்டினா சனம் வெலிகமைக்கும் மிரிஸ்ஸவுக்கும் போயிரும்டா" என்றான். அவன் பயம் பொய்யில்லை. 2004 சுனாமியில் எல்லாம் இழந்து, கடனில் கட்டி எழும்பியவன் அவன். ஆனால் அலை இங்கே. அறுகம்பைக்கு ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை ஆட்கள் வருவது அந்த அலையில் போர்ட் ஓடத்தான். விடிய ஐந்தரைக்கு போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் இரவு தூங்க வேண்டும். சத்தத்தால் தூங்க முடியாமல் அறையைக் காலி பண்ணிப் போன விருந்தினர் தனக்கும் இருந்தார்கள் என்று அவனே ஒத்துக்கொண்டான். பேர்லினைச் சொன்னேன். அங்கே 1991இல் திறந்த ட்ரெஸோர் என்ற பேர்பெற்ற கிளப், பழைய கடைத்தொகுதி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்துக்குள் நடந்தது. கொங்கிரீட்டுக்குள் என்ன அடித்தாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை எழும்பாது. 2018இல் அந்த நகர நிர்வாகம் கிளப்புகளுக்குச் சத்தத் தடுப்புச் செய்ய ஒரு மில்லியன் யூரோ நிதியே ஒதுக்கியது. அதாவது அந்த இசையின் தலைநகரமே அதைச் சுவருக்குள் வைக்கப் பாடுபடுகிறது. நாம் ஓலைக் கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் திறந்து, கடலைப் பார்க்க வேண்டிய ஸ்பீக்கரை ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறோம். ஆழமான அடிச்சத்தம் சுவரையும் ஓட்டையும் மதிக்காது. ஜன்னலைச் சாத்தினால் கீச்சுச் சத்தம் நிற்கும், டும் டும் கட்டிலுக்கு வரும்.

"அப்ப ஸ்பீக்கரத் திருப்பவா?" என்று சிரித்தான். ஆமாம், அதையும் செய்யலாம். அடியைக் குறைக்கலாம், பத்து மணியோடு நிறுத்திவிட்டு மாலை நாலு மணிக்கே தொடங்கலாம். காதுக்குள் ஹெட்போன் போட்டு ஆடுகிற முறைகூட இருக்கிறதாம். பார்க்கப் பைத்தியக்காரக் கூட்டம் போலத்தான் இருக்கும், ஊர் தூங்கும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கவனமாக எழுதுகிறேன். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என்று தன் பிரஜைகளை எச்சரித்தது. அன்றிலிருந்து நமது ஊரின் பெயர் எந்தச் செய்தியில் வந்தாலும் வெளியில் ஒரு கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கிறார்கள். அந்த வீடியோவுக்குக் கீழே நம் பொடியன்மார் சிலர் எழுதிய வீராவேசக் கொமென்ட்களை யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து மொழிபெயர்த்துப் போட்டால், அடுத்த நாள் தலைப்பு நம் காதைப் பற்றி வராது, நம் தாடியைப் பற்றி வரும். "பத்து மணிக்குப் பிறகு சத்தம், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேலை" என்று எழுதினால் எந்த இனத்து அதிகாரியும் அதைத் திருப்பி நம் மேல் எறிய முடியாது. தமிழ், சிங்கள அயலவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். பாணமைப் பக்கத்தில் இரண்டு பேர் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

காதடைப்பான் ஒரு பெட்டி கொழும்பிலிருந்து எடுப்பித்து மூவருக்கும் கொடுத்தேன். இரண்டு பேர் சிரித்துக்கொண்டு பொக்கட்டுக்குள் போட்டார்கள். கதிரைக்காரன் மட்டும் வைக்கிறான். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுவதற்கு வாப்பாவும் சம்மதித்திருக்கிறார். இரவு வேலைக்கு மாறாக, விடியலில் போர்ட் பழக்கும் இடத்தில் உதவிக்கு நிற்கும் வேலை கிடைக்குமா என்று தோழனிடம் கேட்டிருக்கிறேன். அவனுக்கு வயது வரட்டும், அதுவரை சனி ஞாயிறு காலையில் மட்டும் போர்ட் துடைக்க வரட்டும், வாப்பாவும் கூட வரட்டும் என்றான்.

பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். இரவு 10 மணிக்குப் பிறகு ஊருக்குள்ளும் கடற்கரையிலும் யாருடைய ஒலிபெருக்கியாக இருந்தாலும் சட்டப்படி நிறுத்துங்கள், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரவு நிகழ்ச்சிகளில் வேலை செய்வதைச் சோதியுங்கள், இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் இருக்கும். தேநீரும் இருக்கும்.

"யாருடைய ஒலிபெருக்கியாக இருந்தாலும்" என்ற சொல்லை எடுத்தால் தாங்களும் கையெழுத்துப் போடுவதாக மூன்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. அந்தச் சொல் அங்கேயேதான் இருக்கும்.